ஒன்பதாம் பக்கம்

செந்தூல் பசார் எதிரே
ஈரம் காயாத பிளாஸ்டிக் மேசை.
யாரோ விட்டுப்போன கோப்பி வட்டத்தில் படாமல்
பாரத்தைத் தள்ளி விரித்தேன்.

யோகமலர் வந்தாள்,
மார்போடு கட்டிய பதினோரு மாதப் பிள்ளையும்
பிறப்புப் பத்திரத்தின் இரண்டு நகலுமாக.
"பசியாறிட்டீங்களா அக்கா?"
ஆச்சு என்றேன். ஆகவில்லை.
மாதக் கடைசி. இலக்குக்கு இன்னும் மூன்று கேஸ்.

பெயர்: கவினேஷ், த/பெ முகிலரசன்.
புகைப்பழக்கம்: இல்லை.
மது: இல்லை.
ஆபத்தான பொழுதுபோக்குகள், மலையேற்றம், வான்குதிப்பு:
அவன் என் பேனாவைப் பிடுங்கி
வாயில் வைத்துக்கொண்டான்.
வேறு பேனாவால்
இல்லை என்று போட்டேன்.

பன்னிரண்டு வருஷமாய் ஒரே பேச்சு.
பல்கலைக்கழகம், பதினெட்டு வயதில் மொத்தமாய் ஒரு தொகை,
தகப்பனுக்கே ஏதாவது ஒன்று ஆனாலும்
தவணையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.
சாவு என்று சொல்லக் கூடாது எங்கள் தொழிலில்.
'ஏதாவது ஒன்று ஆனால்.'
அந்த 'ஏதாவது'க்குள்
எத்தனை பேரை மடித்து வைத்திருக்கிறேன்.

எல்லாரும் கையெழுத்துப் போடும் இடத்தைத்தான் தேடுவார்கள்.
இவள் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தாள்,
விரல் வைத்து, மலாயில், வாய் அசைய.

"ஒரு வயசுல போனா இருபது பர்சண்ட்.
ரெண்டுல நாப்பது, மூணுல அறுபது, நாலுல எம்பது.
அஞ்சுலதான் நூறு.
அப்ப இவன் இன்னைக்கு
அஞ்சுல ஒரு பங்கு கூட இல்லியா?"

விதி அப்படி, என்றேன்.
"ஏன்?"

பதில் தெரியும்.
முதல் வருடப் பயிற்சியில்,
பல் கிட்டும் குளிர்சாதன அறையில்,
குரலைத் தாழ்த்தாமலே சொல்லித் தந்தார்கள்:
பிள்ளையைவிடப் பணம் பெரிதாகத் தெரிகிற வீடும்
உலகத்தில் எங்கோ இருக்கிறது,
அந்த வீட்டுக்கு ஆசை காட்டாமல் இருக்கத்தான் இந்த ஏணி.
குறிப்பெடுத்துக்கொண்டோம்.
பிறகு கறிபாப் வந்தது.

அவள் பிள்ளையின் கன்னத்து மையை
எச்சில் தொட்டுத் துடைத்தபடி
தானே சொன்னாள்:
"காசுக்காக யாரும் ஏதும் செஞ்சிடக் கூடாதுன்னு.
அதானே?"

கலந்து முடிந்த கோப்பியை
மறுபடி கலக்கினேன்.
கையெழுத்துப் போட்டாள்.
மாதம் நூற்றிருபது வெள்ளி.
அதில் எனக்கு எவ்வளவு என்று கேட்கவில்லை.

அப்புறம் வருடத்துக்கு ஒரு செய்தி.
"அக்கா, இருபது ஆயிட்டான்."
"நாப்பது. நடக்க விட்டா ஓடுறான்."
கை கால் வாய்ப் புண் வந்து
பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்துவிட்டு,
"அறுபது அக்கா. இளைச்ச அறுபது."

முகிலரசன் வேலை பார்த்த பூச்சோங் கிடங்கை மூடினார்கள்.
என் திரையில் அந்தப் பெயர்
மஞ்சளாகி, சிவப்பாகி நின்றது.
இரண்டு மாதம் என் கைக்காசைக் கட்டினேன்.
நல்ல மனசு என்று எண்ண வேண்டாம்,
என் பெயரில் கேஸ்கள் விழுந்தால்
வருட போனஸ் போய்விடும்.
மூன்றாம் மாதம் விட்டுவிட்டேன்.
சாம்பல் நிறத்தில் வந்தது: காலாவதி.
அலுவலகச் சுவரில் அந்த ஆண்டு
குடை பிடித்துச் சிரிக்கும் ஒரு குடும்பம்.
படத்தில் மழையே இல்லை.

எண்பதுக்குச் செய்தி வரவில்லை.
நானும் கேட்கவில்லை.

இன்று காலை எல்.ஆர்.டி.யில் ஒரு படம் வந்தது.
நேற்றைய கேக். பச்சைக் கிரீமில் நூறு,
கடைசிப் பூஜ்யத்துக்கு இடம் போதாமல்
ஓரத்தில் வழிந்திருந்தது.
பின்னால் அவன், புருவத்தில் ஒரு தையல் தழும்பு,
கத்தியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.
"முழுசா ஆயிட்டான் அக்கா."

அவளுக்குத் தெரியும்.
கடிதம் பதிவுத் தபாலில் போனது,
வாங்கிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது என்று
விரல் தானாகவே தட்டிவிட்டது.
அழித்தேன்.
அதற்குள் செந்தூல் தாண்டிவிட்டது.
கடைசி ஸ்டேஷனில் எல்லாரும் இறங்கிப் போன பெட்டியில்
நின்றபடி எழுதினேன்:
கேக் மிச்சம் இருக்கா?
நான் இன்னும் பசியாறல.