மூன்று கட்டங்கள்

நூற்று நாற்பத்தெட்டு.
வெட்டுப்புள்ளிக்கு மேலே இரண்டே இரண்டு புள்ளி.
ஒழுங்கை முழுக்க வாழ்த்துச் சொல்லிப் போனது.
கேதுஷன் பெறுபேற்றுத் தாளைத் திருப்பிப்போட்டு
பின்பக்க வெள்ளையில்
மழை விட்டபின் மின்கம்பியில் தொங்கும் நீரைக்
கீறிக்கொண்டிருந்தான்,
துளி துளியாய், ஒன்றும் விழாமல்.

விண்ணப்பத்தில் மூன்று கட்டம்:
முதலாம் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம்.
யாருடைய விருப்பம் என்று கேட்கக் கட்டமில்லை.

தோஹாவிலிருந்து இவர் குரல் அனுப்புகிறார்.
பின்னால் ஏதோ மெசின் இரைகிறது.
"பட்டினத்துப் பள்ளிதான். யோசிக்காத.
கீறட்டும், ஆர் வேண்டாம் எண்டது?
லீவு நாளில கீறட்டும்."
ஐந்து தரம் போட்டுக் கேட்டேன்.
கோபமில்லை அந்தக் குரலில், களைப்புத்தான்.
இந்த மனிதர்தான் ஒருகாலம்
என் பெயரை எழுதப் பயந்து
கடித உறையில் என் இரட்டைப் பின்னலைக் கீறி அனுப்பியவர்.

பார்மசியில் இரண்டு நாள் லீவு.
குருக்கள்மடத்துச் சந்தியில் ஐந்து ஐம்பது பஸ்.
பட்டினத்துப் பள்ளியில்
அலுவலகச் சுவர் நிறைய மருத்துவபீடம் போன பிள்ளைகள்,
சட்டம் போட்டு, வருசம் போட்டு.
"சித்திரத்துக்கு ஆர் சேர்?"
பிரதி அதிபர் நல்ல மனுசன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நேரசூசியில இருக்கு அம்மா.
அந்தப் பாடத்தை இப்ப கணித சேர் எடுக்கிறார்."
சித்திர அறைக்குப் பூட்டு.
யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
உடைந்த கதிரைகள், கால்கள் மேலே பார்க்க,
ஒன்றுக்குள் ஒன்று சிக்கி.
கேதுஷனைக் கூட்டி வந்திருந்தால்
அங்கேயே குந்திவிடுவான், அதைக் கீற.

மறுநாள் தெற்கே, களுவாஞ்சிகுடிப் பக்கம்.
பெரிய பெயரில்லாத பள்ளி.
அதிபர் ஆய்வுகூடம் காட்டினார்;
குழாயைத் திறந்தார், காற்று வந்தது.
வெட்கப்பட்டுச் சிரித்தார்.
நான் கை கழுவ வெளியே போனேன்.
கிணற்றடிச் சீமெந்துத் தொட்டி.
அடியில் நீலம், காவி, ஒரு பச்சை,
உரஞ்சியும் போகாத கறை.
ஆரோ இதில் தூரிகை கழுவுகிறார்கள்
நேற்றும், போன கிழமையும், போன வருசமும்.
ரொக்ஷி ரீச்சராம்.
விரல் இடுக்கில் இன்னும் ஈரச் சிவப்பு.
"அடுத்த வருசமும் இருப்பீங்களா ரீச்சர்?"
"இடமாற்றம் எப்ப வருமெண்டு
ஆருக்கு அக்கா தெரியும்."

வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னேன்.
கதிரைகளைச் சொன்னேன். தொட்டியைச் சொன்னேன்.
தொட்டியைக் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.
அவன் கேட்டது வேறு:
"பட்டினத்துக்குப் போனா
ஒவ்வொரு நாளும் கல்லடிப் பாலத்தால போகலாமா?
பழைய பாலத்துக் கம்பிக்குள்ளால
வாவி துண்டு துண்டாத் தெரியும் அம்மா.
பஸ் ஓட ஓட எல்லாத் துண்டும் ஒண்டாகும்."

இரண்டு நாள் அலைந்து
ஒரு சித்திர அறை தேடினேன்.
அவனோ எப்பவோ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான்,
சுவர் இல்லாமல், ரீச்சர் இல்லாமல்,
யன்னல் சீட் கிடைத்தால் மட்டும் திறக்கிறதாக.
அந்தப் பஸ்ஸில் நான் நின்றுகொண்டுதான் போனேன்.
ஒரு பொலிஸ்காரரின் முதுகைத் தவிர
ஒன்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி.
பேனையை மூடி வைத்தேன்.
முதல் பென்சிலால் எழுதிப் பார்ப்போம் என்றேன்.
பெட்டியைக் கிளறி ஒன்றைத் தேடித் தந்தான்,
கட்டைவிரல் அளவு மிச்சம்.
"மெல்லமா எழுதுங்க.
இது ஆறு பி.
அழிச்சா பூசுப்படும்."