மஞ்சள் காளான்

செப்டம்பர் பிறந்தால்
எங்கள் குடியிருப்புக்கு ஒரு பேருந்து வரும்,
தம்பரே நகரம் தாண்டிக் காளான் காட்டுக்கு.
முப்பத்தாறு வீடு, பதினேழு கூடை,
ஓட்டுநருக்கும் சேர்த்து ஏலக்காய் ரொட்டி.

லிஃப்டில் நாங்கள் பேசுவதில்லை.
கதவில் ஒட்டிய குடும்பப் பெயரோடு சரி
எங்கள் பழக்கம்.
காட்டில் இறங்கியதும் ஆளுக்கொரு திசை.
மஞ்சள் காளான் முளைக்கும் இடத்தை
ஐந்தாம் மாடி என்சியோ
பெற்ற மகளிடமும் சொன்னதில்லையாம்.

மூன்று மணிக்கு மூடுபனி.
கூடைகளை எண்ணினோம்: பதினாறு.
“ஹாப்பகோஸ்கி!”
குடும்பப் பெயர் மரங்களில் முட்டித் திரும்பியது.
அந்த அம்மாளின் சொந்தப் பெயர் என்ன?
விழித்தோம்.

என்சியோ தொண்டையைச் செருமினார்.
பிறகு, காடு அதிர:
“டெல்லர்வோ!”

புதருக்குள்ளிருந்து குரல்:
“கத்தாதே, என்சியோ.
எல்லாருக்கும் இடம் தெரிஞ்சுடும்.”