எழுத அஞ்சு ரூபாய்

தவனப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே
ஹாவேரிச் சந்தையில் தார் எடுத்துவிடுவேன்.
ஏலக்கி வேண்டாம். ருசி உண்டு, இடம் இல்லை;
'மகளுக்கு' என்று தொடங்கினாலே காம்பு வந்துவிடும்.
நீளப் பழம்தான் சரி,
முக்கால் பழுத்தது, புள்ளி விழாதது.

பழம் பத்து ரூபாய்.
தவனக் கொத்து செருகித் தருவேன், அதற்குக் காசில்லை.
எழுத அஞ்சு.

ஏழாவது வரை படித்தவள் நான்.
எங்கள் கன்னட எழுத்து உருண்டை,
வளைந்த தோலில் வளைந்தே போகும், கிழிக்காது.
வீரபத்திரன் தேர் நாலு மணிக்கு நகரும்.
அதற்குள் ஊரின் அடிவயிறு முழுக்க
என் பேனா வழியே இறங்கியாக வேண்டும்.

சூளைக்கார ஈரண்ணா: மழை தள்ளிப் போகட்டும்.
அதே சீப்பில் அடுத்த பழம்,
சோளக்காட்டு ஹொன்னவ்வா: மழை முந்தி வரட்டும்.
இரண்டும் என் கையெழுத்து.
சாமி குழம்பினால் என்னைத்தான் கேட்பான்.

கல்லூரிப் பையன் ஒருவன்
காதோடு ஒரு பெயர் மட்டும் சொன்னான்.
சற்று நேரத்தில் அந்தப் பெயரே
தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றது,
'தார்வாடில் நர்சிங் சீட்' என்றது.
நான் பழத்தை மட்டும் பார்த்தேன்.

ஒருத்தி எழுதச் சொன்னாள், எழுதியதும்
அழிக்கச் சொன்னாள்.
பழத்தோலில் அழிக்க முடியாது, தாயி.
இடுப்புப் பிள்ளைக்கு அதை உரித்துக் கொடுத்துவிட்டு
வேறு பழம் வாங்கி வேறு எதையோ கேட்டாள்.
முதலில் கேட்டதை
யாரிடமும் சொன்னதில்லை, இங்கும் சொல்லமாட்டேன்.

மூன்றரைக்கு மைலாரப்பா வந்தான்.
எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முட்டுக்கட்டை, வரப்புக்கு முட்டுக்கட்டை
என்று ஆளுக்கு ஆள் குறை சொல்வார்கள்.
இவன் ஒருவன்தான் ஊரறியப் போடுகிறவன்:
தேர்ச்சக்கரத்தின் முன்னால் குனிந்து,
பின்னால் நடந்துகொண்டே.
இவன் கட்டை விழாவிட்டால்
சாமி நேராகத் தபால் ஆபீசுக்குள் போவார்.

இடது கையில் மூன்று விரல்.
மற்ற இரண்டும் போன வருஷம் எது என்று
ஊர் மறந்துவிட்டது.
தெருவெல்லாம் கூழாய்க் கிடந்தது அன்று.
பழம் என்னுடையது.

'ஒன்று கொடு.'
'என்ன எழுத?'
'ஒன்றும் எழுதாதே. பசிக்கிறது.'

மை மூன்று மணிக்கே தீர்ந்திருந்தது.
மை இல்லாமலும் வாழைத்தோலில் எழுதலாம்;
அழுத்தினால் போதும்.
முதலில் தெரியாது,
நேரம் போகப் போகப் பழுப்பாய் எழும்பி வரும்.
அவன் சில்லறைக்குக் குனிந்தபோது
இரண்டு சொல் அழுத்தினேன். அஞ்சு ரூபாய் வாங்கவில்லை.

மூன்றே கடி.
தோலை என் வண்டியடியில் போட்டுவிட்டு
கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

தேர் அசைந்தது. வானம் மஞ்சளாகிவிட்டது.
ஈரண்ணாவின் மழையும் ஹொன்னவ்வாவின் மழையும்
பறந்துபோய் எந்தக் கலசத்தில் பட்டனவோ.
பட்டதெல்லாம் சக்கரத்தடிக்கே திரும்பி வரும்.
கேட்டதெல்லாம் சேர்ந்து
அவன் வெறுங்காலுக்குக் கீழே வழுக்கும்.

நான் தேரைப் பார்க்கவில்லை.
வண்டியடியில் தோலைப் பார்த்தேன்.
எழுத்து மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஆடு வந்தது.
முதல் சொல்லைத் தின்றது.
இரண்டாவதை நான் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

தெருமுனையில் கட்டை விழுந்தது, மரத்தில் மரம்.
அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் இன்னொன்று.