மூன்று நொடி

உலான்பாத்தரில் அதிகாலை மூன்றே கால்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறை ஸ்டுடியோவுக்கு
லுவ்சன்தொர்ஜ் கோட்டு போட்டு, டை கட்டி வந்திருக்கிறார்.
குரல் மட்டும்தான் வெளியே போகும்.
"டை இல்லாமல் பைனலா?" என்கிறார்.

போட்டி நடப்பது பூமியின் மறுபக்கம்,
ஜனங்கள் வெயிலில் ஐஸ்கிரீம் தின்னும் ஊரில்.
ஆள் அனுப்ப சேனலிடம் காசில்லை.
ஆனாலும் "இதோ அரங்கத்திலிருந்து" என்றுதான் தொடங்குவார்.
கூட்டத்தின் இரைச்சலை அவர் குரலுக்கு அடியில்
ஜமக்காளம் போல நான் விரிப்பேன்.
பொய்யில் பாதி என்னுடையது.

ஐம்பத்தேழு கிலோ. எங்கள் ஹொங்கொர்சுல்.
நான்குக்கு மூன்று, ஒரு புள்ளி பின்தங்கி.
இருபத்தோரு நொடி பாக்கி.
நீலக்காரியின் கணுக்காலுக்குப் பாய்ந்தாள்

படம் உறைந்தது.

காதுக்குள் கட்டுப்பாட்டு அறை:
பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க.

அரையிறுதியில் பதிந்து வைத்த ஆரவாரத்தை
ஓடவிட்டேன்.
அவர் திரைக்கு அருகில் குனிந்து
இருப்பதைச் சொன்னார்:
வலது காதில் பிளாஸ்திரி.
பின்னலில் இருந்து தப்பிய ஒரு கொத்து முடி.
விரல்கள், கணுக்காலுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில்.
இரண்டே விரற்கடை.

கோபியில் பேட்டரியில் ஓடும் டிவி முன்னால்,
ஆஸ்பத்திரியின் இரவு வார்டில்,
டாக்சிக்காரர்களின் போனில்
எல்லோரும் அந்த இரண்டு விரற்கடைக்குள்
மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.
நாற்பத்தாறு நொடி
நாங்கள் தோற்கவில்லை.

படம் திரும்பியபோது
நடுவர் உயர்த்தியிருந்தது வேறொருத்தியின் கை.
ஹொங்கொர்சுல் விரிப்பின் நடுவில் உட்கார்ந்து
லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு ஷூவையும் ஜோடியாக வைத்துவிட்டு
வெறுங்காலோடு எழுந்து போனாள்.
மல்யுத்தத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல
அவருக்கு நூறு வழி தெரியும்.
முப்பது வருஷமாக எங்கள் தோல்விகளைத்
தூசி தட்டிக் கையில் தந்தவர்.
வாய் திறந்தார். வரவில்லை.
ஒன்று. இரண்டு. மூன்று.
நானும் ஜமக்காளத்தைச் சுருட்டிவிட்டேன்.

பிறகு வங்கி விளம்பரம்.
டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு
உப்புப் பால் டீ இருக்கிறதா என்று கேட்டார்.
ஃபிளாஸ்கை நகர்த்தினேன்.

பதிவேட்டில் எழுதியாக வேண்டும்.
எழுதினேன்:
ஒலித்தடை, மூன்று நொடி.
காரணம்: செயற்கைக்கோள்.