எதிர்ப்பில்லாத மால்

சனிக்கிழமை எங்கே என்று கேட்டால்
மால் என்பேன்.
ஆபீஸில் மங்களேஸ்வரி அக்கா
எந்த மால், மிட்வேலியா என்பார்.
பாடாங் மெர்போக், அக்கா.
கூரை கிடையாது, ஏர்கான் கிடையாது.
முப்பது பேர், ஒரு பந்து, சேறு,
நடுவில் விசிலோடு நான்.

எழுபத்தோராம் நிமிடம். பதினேழுக்குப் பதினைந்து.
செந்தூல் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் லைன்அவுட்.
இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு மீட்டர் வேண்டும்.
நெருங்கிக்கொண்டே வருவார்கள்,
கல்யாணப் பந்தி மாதிரி.
"கேப், தம்பி, கேப்" என்று
இரண்டு உள்ளங்கையாலும் தள்ளிக் காட்டுகிறேன்.
சுங்கை வே பையன் பந்தைத் துடைக்கிறான்.
சட்டையும் ஈரம், பந்தும் ஈரம்,
துடைத்து என்ன.

எறிகிறான். நேர்தான்.
ஜெலாய் மேலே போகிறான்,
தொடையைத் தாங்கி இரண்டு பேர்.
அவனுக்குப் பின்னால் நகரத்துக் கோபுரங்கள்
பாதிக்கு மேல் மேகத்தில் இல்லை.
பிடித்தான். இறங்கினான்.
சிவப்புச் சட்டைகள் அவனைச் சுற்றி
தோளோடு தோள் பூட்டிக்கொள்கின்றன.
பந்து கைமாறிக் கைமாறி
கடைசி ஆளின் வயிற்றுக்குப் போகிறது.

இனி மோத வேண்டும் செந்தூல்.
மோதவில்லை.
ஏழு பேரும் அரை அடி பின்வாங்கி
வரிசை கலையாமல் நிற்கிறார்கள்.
லுக்மான் கையை விரித்தே காட்டுகிறான்:
நான் தொடவில்லை, புவான், பாருங்கள்.

மாலுக்கு மூன்று பேர் போதும்.
பந்து வைத்திருப்பவன்,
அவனைப் பற்றிய அவன் ஆள்,
எதிரணியில் ஒருவன்.
அந்த ஒருவன் வராவிட்டால் அது மால் இல்லை.
ஒரு பந்து,
அதன் முன்னே நடக்கும் ஒரு சுவர்,
அவ்வளவுதான்.

"நோ மால். பந்தை எடு" என்கிறேன்.
எடுக்கவில்லை.
எட்டுப் பேர் குனிந்து, முக்கி, முனகி,
காற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள்.
யாருமே தடுக்காத ஒன்றை
இத்தனை பலத்தோடு தள்ள முடியுமா என்று
ஒரு விநாடி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

முந்தாநாள் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில்
அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள்.
நடைபாதையில் ஒரு குழந்தை மட்டும்
பிஸ்கட் தின்றுகொண்டு திரும்பிப் பார்த்தது.
எதிர்ப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.
ஆறு நிமிடம்.
ஒன்பது வருஷமாகத் தோளை இறக்கி
நான் தயாராக நின்றதெல்லாம்
ஆறு நிமிடம்.
மூன்று மாதத்தில் முழுமையாகும் என்றார் வக்கீல்,
பார்க்கிங் சீட்டைத் தேடியபடி.

பந்து எங்கே இருந்தது என்று
அங்கே யாரும் கேட்கவில்லை.
நானும் பின்னால்தான் வைத்திருந்தேன்.
என் அண்ணன், அவன் மனைவி, என் வேலை, என் சனிக்கிழமைகள்,
எல்லாரையும் முன்னால் நிறுத்தி.

விசில்.
ஸ்க்ரம், செந்தூல் பந்து.

சுங்கை வே கேப்டன் ஓடி வருகிறான்.
"அவங்க எங்களைத் தொடவே இல்லையே, புவான்!"
அதுதான் தம்பி.
"அப்ப அவங்க மேல தப்பில்லையா?"
ஒதுங்கி நிற்பது தப்பில்லை.
வரிசையை விட்டு ஓடியிருந்தால் தப்பு.
இதைச் சொல்லும்போது என் குரல்
கொஞ்சம் உடைந்திருக்க வேண்டும்.
மழை என்று நினைத்திருப்பான்.
மழைதான்.
கழுத்துக்குள் இறங்கியது, அட்டைகள் ஊறின,
கோட்டுக்கு வெளியே யாரோ
தேத்தண்ணீர் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

க்ரவுச்.
முன்வரிசை ஆறு தலைகள்
ஒன்றுக்கொன்று இடம் தேடுகின்றன.
பைண்ட்.
ஈரத் துணியை விரல்கள் இறுகப் பற்றும் ஓசை.
இவர்கள் மூச்சு அவர்கள் காதில்.

செட் என்று சொல்ல
வேண்டியதைவிடச் சற்றே அதிக நேரம்
எடுத்துக்கொண்டேன்.