பதினோராம் பக்கம்

முதலில் உமிச்சாம்பலைக் கூட்ட வேண்டும்.
புதுவயலில் கூடைப்பந்து அப்படித்தான் தொடங்கும்:
ஆலைப் புகைபோக்கிகள் இரவெல்லாம் உதிர்த்ததை
இரண்டு விளக்குமாறு, இரண்டு பெண்கள்,
மூன்று புள்ளிக் கோடு தெரியும்வரை.

இன்று அவள் கூட்டவில்லை.
வளையக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு
ஜெராக்ஸ் கடையில் பக்கம் மூன்று ரூபாய்க்கு எடுத்த
பதினான்கு தாள்களை நீட்டினாள்.
"நீதான் இங்கிலீஷ்ல எண்பத்தொண்ணு. வாசி."

ஆறடி ஓர் அங்குலம் அடைக்கலமேரி.
ஐந்தடி இரண்டு நான்.
வாசித்தேன்.

மாதம் முப்பத்தெட்டாயிரம். இரண்டு சீசன்.
பெங்களூரில் அறை.
வருடத்துக்கு மூன்று ஜோடி ஷூ.
"மூணா?" என்றாள்,
ஒரே ஜோடியை ஃபெவிகுயிக் போட்டு
இரண்டு மாவட்டப் போட்டிகள் ஓட்டியவள்.

இன்னொரு பக்கம் சென்னைக் கல்லூரி.
பி.ஏ. பொருளாதாரம், விளையாட்டு ஒதுக்கீடு,
விடுதி, சாப்பாடு, எல்லாம் இலவசம் என்று
அங்கிருந்த கோச் போனில் மூன்று முறை சொன்னார்.
"இலவசம்னா யாருக்கு?" என்றாள், போனை வைத்தபின்.
கோபமில்லை. சந்தையில் விலை விசாரிக்கிற குரல்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் வென்றவை:
தலைமையாசிரியர் அறையில் பதினேழு கோப்பைகள்.
பள்ளி வாசலில் ஒரு ஃபிளெக்ஸ், பெயரில் எழுத்துப்பிழையோடு.
வீட்டுக்கு வந்தது ஒரு குக்கர், இரண்டு ஹாட்பாக்ஸ்.
அந்தக் குக்கரில்தான் அவள் அம்மா
ஆலைக்குப் போகுமுன் சோறு வைக்கிறாள்.
விசில் வரும்போதெல்லாம்
"ஃபவுல்" என்பாள் அடைக்கலம்.

அவள் அப்பா மட்டும் சொன்னார்:
"பந்துல காத்து போயிரும். டிகிரி போகாது."
சொல்லிவிட்டு,
பி.காம் முடித்து அதே ஆலையில் மூட்டை எண்ணும்
தன் தம்பியைப் பார்த்தார்.
அதற்குமேல் பேசவில்லை.

இந்தச் சீமைக்கு இது புதிதல்ல.
மீசை அரும்பாத பையன்களை
மூன்று வருடக் கணக்குக்கு
பர்மாவுக்குக் கப்பலேற்றிய ஊர்கள் இவை.
கொண்டுவிக்கப் போனவர்களை
படிப்பை ஏன் விட்டாய் என்று யாரும் கேட்டதில்லை.
ஆனால் அவர்கள் குதிக்க வேண்டியிருக்கவில்லை.
பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் போதும்,
முழங்கால் அதுபாட்டுக்கு இருக்கும்.

பதினோராம் பக்கத்தில் நின்றேன்.
காயம் அறுபது நாளைத் தாண்டினால்
ஒப்பந்தம் தானே முடிந்துவிடும்.
ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்,
நடுவில் காற்புள்ளிகூட இல்லை.
தமிழில் சொல்ல எனக்கு நேரமாயிற்று.

"காலேஜ்ல?"
"அங்கயும் ஆடலைன்னா ஹாஸ்டல் இல்லைங்கிறாங்க.
எழுதித்தான் தரலை."
"எழுதிக் குடுத்தவன்கிட்டயாச்சும் சண்டை போடலாம்,"
என்று என் பேனாவைப் பிடுங்கினாள்.

அறுபதை அடித்தாள்.
ஓரத்தில் எழுதச் சொன்னாள், எழுதினேன்:
உங்களுக்காக ஆடும்போது முழங்கால் போனால்
வைத்தியமும் சம்பளமும் சீசன் முடியும்வரை உங்கள் பொறுப்பு.
லிகமெண்டுக்கு ஸ்பெல்லிங் இரண்டு முறை பார்த்தோம்.
படம் எடுத்து அனுப்பினாள்.

பதினான்கு பக்கத்திலும் என்னைப் பற்றி ஏதுமில்லை.
அவள் நிற்கும் இடத்துக்கு நான் பந்தை வீசுவதில்லை,
அவள் இன்னும் வந்துசேராத இடத்துக்கு.
நான்கு வருடமாக அதுதான் என் வேலை.
நேற்று அவளுக்குத் தெரியாமல்
அந்தச் சென்னை கோச்சுக்குப் போன் போட்டேன்.
"ஹைட் என்ன?" என்றார்.

இரண்டு நீலக் கோடுகள் விழுந்துவிட்டன.
டைப்பிங் என்று காட்டியது. நின்றது.
மறுபடி காட்டியது.
போனைக் கம்பத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டு
இரண்டாவது விளக்குமாறை எடுத்தாள் அடைக்கலம்.
பாதிக் களம்
இன்னும் சாம்பலுக்குள் இருந்தது.