பத்தொன்பது இங்கே ஏன் வளைகிறது

என் பேருந்துக்கு அந்த வளைவு வேண்டியதில்லை.
பெல்மார் தெருக் கடைசியில்
நேரே இருநூறடி போனால் பணிமனை.
ஆனாலும் ஒரு நாளைக்குப் பதினோரு முறை
மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனியை
வலம் வந்துதான் திரும்புகிறேன்,
உள்ளே சாமி இருப்பதுபோல.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.
கால அட்டவணைப் பிரிவில் ராஸ்கோ டில்மன்
சாண்ட்விச்சிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:
"டிராம் அங்கேதான் திரும்பும்.
அதற்கு ரிவர்ஸ் வராது."

டிராம் நின்றபோது
நான் பிறக்கப் பதினெட்டு வருஷம் பாக்கி.

தண்டவாளத்தைப் பிடுங்கினால் செலவு,
மேலே தார் ஊற்றினால் மலிவு.
கடன்காரன் வீட்டைத் தாண்டுகிறவன் மாதிரி
நகரம் வேறு பக்கம் பார்த்தபடி
அதன்மேல் நடந்துபோனது.

பால்டிமோர் குளிருக்கு ஞாபகசக்தி அதிகம்.
பிப்ரவரிதோறும் தார் வெடிக்கும்.
கண்ட இடத்தில் வெடிக்காது:
இரண்டே கோடுகள்,
இடைவெளி ஐந்தடி நாலரை அங்குலம்,
தெரு நெடுக, திருப்பம் நெடுக.
ஏப்ரலில் வாய்ட்செக்கின் ஆட்கள் வந்து
ஒட்டுப்போட்டுவிட்டுப் போவார்கள்.
அடுத்த பிப்ரவரி
ஒட்டின் மேலேயே கோடு.

பழசுக்கு உருகுகிற ஆள் இல்லை நான்.
அருங்காட்சியகத்தில் டிராம் படம் போட்ட
தலையணை உறை விற்கிறார்கள், முப்பது டாலர்.
வாங்கவில்லை.
முன்சீட்டு ஒடெஸா பெட்டிஃபோர்டும் உருகுகிறவள் இல்லை.
பிரம்பு இருக்கை காலுறையைக் கிழிக்குமாம்.
ஜனவரியில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராம்.
தம்பியின் சுண்டுவிரல் கதவில் நசுங்கி
கடைசிவரை கோணலாகவே இருந்ததாம்.
இதையெல்லாம் சொல்லிவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்:
"ஆனால் தரையைப் பார்த்தாலே தெரியும்,
வண்டி வரும் என்று."

இருபத்தேழாம் எண்ணை நிறுத்தினார்களே,
அதற்கு என்ன ஆயிற்று?
கம்பத்தில் ஒரு காகிதம், செலோடேப்பில்.
இரவு மழை காகிதத்தைக் கொண்டுபோனது.
காலையில் சலவைக்கூடத்து இக்னாசியோ
நாற்பது நிமிஷம் நின்றான்,
வராத வண்டிக்குச் சில்லறையை
உள்ளங்கையில் சூடாக வைத்துக்கொண்டு.
ஒரு பேருந்துத் தடத்தை அழிக்க
ஒரு பேனா போதும்.
டிராமுக்குக் கடப்பாரை வேண்டியிருந்தது.
கடப்பாரையும் பாதியில்
போதும் என்று உட்கார்ந்துவிட்டது.

போன மார்ச், இரவு பத்தே முக்கால்.
வளைவில் குடிநீர்க் குழாய் வெடித்து
தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.
சிவப்புக் கூம்புகளுக்கு முன்னால் நிறுத்தினேன்.
ஆறு பேர் இறங்கினார்கள், ஆறாவது நான்.
பள்ளத்தில், விளக்கு வெளிச்சத்தில்,
நனைந்து பளபளத்தபடி
அது வளைந்து கிடந்தது.
யாரோ நேற்றுத்தான் எண்ணெய் போட்டதுபோல.

வாய்ட்செக் ரம்பத்தை வைத்தார்.
பொறி பறந்தது.
ஒரு பல் போனது, இன்னொரு பல் போனது.
ரம்பத்தை அணைத்துவிட்டுப்
போலிஷ் மொழியில் ஏதோ சொன்னார்.
திட்டுத்தான். மரியாதையோடு.

இக்னாசியோ பள்ளத்தில் இறங்கி
ஒரு காலை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.
"ஆடவே இல்லை" என்றான்.
ஒடெஸா மட்டும் பள்ளத்தைப் பார்க்கவில்லை.
சாலையோரம் போய்,
கைப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு,
கிழக்கே பார்த்து நின்றாள்,
ஐந்து நிமிஷத்தில் ஏறப்போகிறவள் போல.

குழாயைத் தண்டவாளத்துக்குக் கீழே
நுழைத்துக்கொண்டார்கள், கடைசியில்.
இருபத்து மூன்று நிமிஷத் தாமதம்.
பணிமனையில் படிவம் நீட்டினார்கள்.
எண்: பத்தொன்பது.
இடம்: ஐஸ் கம்பெனி வளைவு.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்து எழுதினேன்:
முன்னால் டிராம்.

டில்மன் படித்தார்.
முத்திரை குத்தினார்.